கைபடாத தொட்டி

வடிவம்மாள் யார் வீட்டுப் பிள்ளையையும் தூக்கமாட்டாள். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் பிரசவம் என்றால் முதல் ஆளாகப் போய் வெந்நீர் போட்டுக் கொடுப்பாள், துணி அலசிப் போடுவாள், பத்தியக் குழம்பு வைத்து வாசல்வரை கொண்டுபோய்க் கொடுப்பாள். பிள்ளையை நீட்டினால் மட்டும் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

"கையெல்லாம் கொழுந்துக் கறையா இருக்கும்மா."

கொழுந்து எடுக்காத ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான் சொல்வாள். புதிதாக வந்தவர்களுக்கு அது வேடிக்கை. பழைய ஆட்களுக்குக் காரணம் தெரியும்.

1956இல் அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். வைக்கிறவரின் குணமும் ராசியும் பிள்ளைக்கு வரும். அதனால் ஆள் பார்த்து முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். வடிவம்மாள் மலைக்குக் கீழே தாப்பாவில் இருந்த நாத்தனாருக்குச் சொல்லி வைத்திருந்தாள். அந்த வாரம் விடாத மழை. வழியில் ரிங்லெட்டுக்குக் கீழே மண் சரிந்து லோரிகள் இரண்டு நாள் நின்றுவிட்டன. பிள்ளை அழுதது. நாத்தனார் வருகிற வழியாக இல்லை. வடிவம்மாள் தானே விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

எட்டாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. வாய் இறுகிக் கிடந்தது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் போய்விட்டது. மருந்து கொடுக்கும் எஸ்டேட் டிரஸ்ஸர் வந்து பார்த்தார், இங்கிலீஷில் ஏதோ எழுதினார், போய்விட்டார். என்ன எழுதினார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக் காளியம்மா கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஒன் கைக்கு ராசி இல்லபோல வடிவு. அடுத்ததுக்கு வேற ஆள வச்சிரணும்." ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அடுத்தது 1958இல் சரோஜா. எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி வீட்டு அம்மா வந்து சேனை வைத்தார். சரோஜா பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வடிவம்மாளுடைய கையைப் பற்றி லைனில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவளுக்கும் இல்லை.

தொட்டி வந்தது 1974இல். வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனபோது பங்களாவில் கழித்துப்போட்ட சாமான்களோடு ஒரு கண்ணாடித் தொட்டி கிடந்தது. இரும்புச் சட்டம் போட்டது, ஒரு மூலையில் கீறல். வடிவம்மாளின் புருசன் சாம்பசிவம் தேயிலை பேக்டரியில் மிஷின் பழுதுபார்க்கும் பிட்டர். உடைந்த எதையும் அவரால் விட்டுவிட்டு வரமுடியாது. கீறலைத் தார் வைத்து அடைத்து, வெயிலில் காயவைத்து, முன்கூடத்தில் சாமி படத்துக்கு எதிரே பலகை அடித்து ஏற்றினார்.

மீன் வாங்க அவர் போகவில்லை. பேக்டரிக்கு மேலே காட்டோடையில் கல்லுக்கடியில் ஒருவகைச் சின்ன இறால் உண்டு. சுண்டுவிரல் நீளம். அதைவிட நீளமாக இரண்டு கொடுக்கு. உடம்பு கண்ணாடி மாதிரி, தின்ற கீரை உள்ளே பச்சையாகத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடையோடு போய்ப் பன்னிரண்டு பிடித்துவந்து தொட்டியில் விட்டார். உள்ளே ஓடைக் கல்லும் பாசியும் மூங்கில் துண்டும் போட்டார். மலைத் தண்ணீர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். தினமும் அரை வாளி எடுத்து அரை வாளி ஊற்றினால் போதும், மோட்டார் எதுவும் வேண்டாம் என்றார். அது சரியாகவே இருந்தது.

லோரி ஓட்டும் முருகையா வாசலில் நின்று கேட்டார்: "என்ன மச்சான், மொளகா அரைச்சுச் சம்பல் போடுற அளவுக்கு ஆச்சா?"

"ஒன் மூஞ்சிக்குச் சம்பலா? நாலு மாசம் பொறு. இந்தத் தொட்டியிலயே குஞ்சு பொரிக்க வச்சிக் காட்டுறேன்."

"பொரிக்க வைக்கிறியோ, பொரிச்சு வைக்கிறியோ. என்னையும் கூப்பிடு லா."

லைன் முழுக்கச் சிரித்தது. சாம்பசிவமும் சிரித்தார். ஆனால் சொன்ன சொல் சொன்னதாக நின்றுவிட்டது.

நான்கு மாதம் ஆகவில்லை, ஒரு பெட்டை இறாலின் வயிற்றுக்கடியில் முட்டை தெரிந்தது. இந்த ஓடை இறால் நிறைய இடாது, முப்பது, முப்பத்தைந்துதான். பெரிய முட்டைகள். வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சின்னக் கால்களால் விசிறிக்கொண்டே ஐந்தாறு வாரம் சுமக்கும். பிறகு அதே உருவத்தில் சின்ன இறாலாகவே குஞ்சு வெளியே வரும்.

அன்றைக்குச் சாம்பசிவம் தண்ணீர் ஊற்றும் முறையை மாற்றினார்.

அதுவரை அடுப்படியில் இருந்த சிவப்புப் பிளாஸ்டிக் வாளிதான். யாருக்குக் கை ஒழிந்ததோ அவர்கள் ஊற்றினார்கள். பெரும்பாலும் வடிவம்மாள். "இனிமே அடுப்படி வாளி ஆவாது. மீன் கழுவுனது, எண்ணெ பட்டது. முட்டை இருக்கையில சுத்தமா இருக்கணும்" என்றார். பூசைக்கு வைத்திருந்த செம்பை எடுத்தார். அவருடைய அப்பா கப்பலில் கொண்டுவந்த செம்பு, இரண்டு லிட்டருக்குமேல் பிடிக்கும். வெள்ளிக்கு வெள்ளி புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பதை இப்போது தினமும் தேய்த்தார். செக்கச்செவேல் என்று ஆனபின் சாயங்காலம் குழாயில் பிடித்துச் சாமி படத்துக்குக் கீழே வைப்பார். ராத்திரி முழுக்கத் தெளிந்த தண்ணீரைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் தொட்டியில் ஊற்றுவார். நெற்றியில் திருநீறோடு ஊற்றுவார்.

ஐந்தாம் நாள் தொட்டியின் அடியில் ஒரு இறால் வெளுத்துக் கிடப்பதை வடிவம்மாள் பார்த்தாள். செத்தது நாறுமே என்று கையைவிட்டு எடுத்தாள். கனமே இல்லை. வெறும் கூடு.

ஏழாம் நாள் முட்டை சுமந்த பெட்டை பக்கவாட்டில் கிடந்தது. முட்டைகள் கல்லிடுக்கில் கடுகு மாதிரி சிந்திக் கிடந்தன.

"தொட்டியில கைய வுட்டியா?" என்றார் சாம்பசிவம்.

"முந்தாநாளு வுட்டேன். ஒன்னு செத்துக் கெடந்துச்சு, எடுத்துப் போட்டேன்."

"அது சாவல புள்ள. சட்டை. பாம்பு மாதிரி சட்டை கழட்டும். ஒன்ன யாரு தொடச் சொன்னா?"

அவர் கத்துகிற மனிதர் இல்லை. குடிக்கிறவரும் இல்லை. திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ஒன் கைதான் தெரியுமே."

பதினெட்டு வருசத்தில் அவர் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. மற்றவர்கள் சொன்னபோதெல்லாம் சும்மா இருந்தவர், அதை நம்பவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். உள்ளே வைத்திருந்திருக்கிறார்.

முட்டை செத்ததும் அவர் பழையபடி வாளிக்கு மாறினார். மிஞ்சியவை பிழைத்தன. ஓடையில் இருந்து இன்னும் நாலு கொண்டுவந்து விட்டார். அடுத்த வருசம் மறுபடி முட்டை. மறுபடி செம்பு, மறுபடி புளி. வடிவம்மாள் இந்த முறை தொட்டியைத் தொடவில்லை. முன்கூடத்தைப் பாதிவரைதான் பெருக்கினாள், மீதியைச் சரோஜா பெருக்கினாள். பத்தாம் நாள் செத்தது. மூன்றாவது தடவை தொட்டி இருக்கும் பக்கமே அவள் திரும்பவில்லை. நான்காவது தடவை முன்வாசலையே விட்டுவிட்டுக் கொல்லை வழியாகப் போய்வந்தாள், மழையிலும். அப்போதும் செத்தது.

காளியம்மா வேலிப் பக்கம் நின்று கேட்டாள்: "ஏண்டி, ஒன் வூட்டுக்கு ஒனக்கே முன்வாசல் கெடையாதா?"

"எறா முட்டை வச்சிருக்கு."

"ஐயே. புள்ளத்தாச்சியக்கூட இப்புடிப் பாத்துக்கமாட்டாங்க."

தொடாமல் இருந்தும் சாகிறதே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியபோது அவள் கண்ட விடை வேறு. தொடக்கூட வேண்டாம்போல, ஒரே கூரைக்கடியில் இருந்தாலே போதும்போல.

1979இல் சரோஜாவுக்கு ஈப்போவில் தண்ணீர் சோதிக்கும் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. பாட்டில் பாட்டிலாகக் கிணற்றுத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், தொழிற்சாலைத் தண்ணீர் வரும். எதில் என்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது வேலை. அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. தீபாவளிக்குத் தீபாவளி மூன்று நாள் வருவாள்.

1984 தீபாவளிக்கு வந்தபோது அவளுக்கு ஆறு மாதக் கர்ப்பம். தொட்டியில் முட்டை. அம்மா கொல்லை வழியாக வந்து, கொல்லை வழியாகப் போய்க்கொண்டிருந்தாள். பண்டிகை நாளில்கூட முன்கூடத்துக்கு வந்து சாமி கும்பிடவில்லை, அடுப்படியில் இருந்தே கைகூப்பினாள். சரோஜா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் செம்பைத் தேய்த்தார், பிடித்தார், வைத்தார். காலையில் அவர் ஊற்றுவதற்கு முன் அவள் செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரை மருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டாள். சிவப்பு வாளியிலிருந்து இன்னொரு பாட்டில்.

"எதுக்கும்மா?" என்றார் அப்பா.

"சும்மா பாக்கதான்பா."

அவள் ஈப்போவுக்குப் போன மறுவாரம் அந்த முட்டையும் செத்தது. அதோடு ஏழு தடவை.

டிசம்பரில் தலைப்பிரசவத்துக்காக அவள் வந்து இறங்கினாள். காபி குடித்து முடிக்கவில்லை, பேச்சை எடுத்தாள்.

"அப்பா, தண்ணியில செம்பு இருக்கு."

"என்னாம்மா சொல்றே? செம்புலதானே தண்ணி இருக்கு?"

"அதத்தான் சொல்றேன். செம்புல இருக்கிற செம்பு தண்ணிக்கு வந்துருது. நம்ம மலைத் தண்ணி மெல்லிசு, லேசாப் புளிப்பு. நீங்க புளி போட்டுத் தேய்ச்சுப் புதுச் செம்பா ஆக்கிடுறீங்க. ராத்திரி பூரா ஊறுது. ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் இருந்துச்சு. வாளித் தண்ணியில ஒன்னுமே இல்ல."

"எங்கப்பன் இதுல குடிச்சுத்தான் எழுவது வருசம் இருந்தாரு."

"மனுசனுக்கு இது ஒன்னும் பண்ணாது. எறாவுக்கு இதுல பத்துல ஒரு பங்கே விசம். முட்டையும் குஞ்சும் அதுக்கு முந்தியே போயிரும். நீங்க தெனம் ஊத்துறீங்க, சேந்துகிட்டே போவுது."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"சுத்தமா இருக்கணும்னுதானே..." என்றார் சாம்பசிவம்.

சரோஜா அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "81லயே ஒரு எறாப் பண்ணையில இருந்து தண்ணி வந்துச்சும்மா. பித்தளைக் கொழாய் மாத்துனதுல இருந்து குஞ்சு சாவுதுன்னாங்க. நாந்தான் பாத்தேன், செம்புன்னு எழுதிக் குடுத்தேன். அதுக்கப்புறம் மூணு தீவாளிக்கு வந்தேன். இவரு தேய்க்கிறதப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். தோணல."

வடிவம்மாள் வாசல்நிலையில் வந்து நின்றாள். மகள் எதிர்பார்த்த நிம்மதி அவள் முகத்தில் இல்லை.

"அப்ப ஒங்கண்ணன்?" என்றாள். "அவன் நாக்குலயும் செம்பா இருந்துச்சு?"

சரோஜா சொன்னாள்: "எட்டாம் நாள் வாய் இறுகிச்சின்னா அது தொப்புள்கொடி அறுத்த கத்தியில வந்த சீக்கும்மா. துரு, மண்ணு பட்டா வரும். சேனைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நீ பாத்தியா?"

"நான் எப்படிம்மா பாத்திருக்க முடியும்?"

"எறாவப் பாத்தே, சொல்றே. அவன நீ பாக்கல."

அந்த வாரமே புதிதாக ஒரு பெட்டை முட்டை வைத்தது. சரோஜா செம்பை எடுத்துச் சாமி மாடத்தில் கவிழ்த்துவிட்டு, சிவப்பு வாளியைக் கொண்டுவந்து அம்மாவின் காலடியில் வைத்தாள்.

"இந்தத் தடவ நீதான் ஊத்தப்போறே. குஞ்சு பொரிச்சு உசுரோட இருந்துச்சுன்னா என் புள்ளைக்கு நீதான் சேனை வைக்கணும்."

வடிவம்மாள் புருசனைப் பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஊத்தேன். இப்ப யாரு வேணாங்குறா."

மறுநாள் காலை அவள் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். "சோப்பும் ஆகாதும்மா, வெறுந்தண்ணி போதும்" என்று சரோஜா தடுத்தாள். வாளியைத் தூக்கியபோது பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது. முப்பது வருசம் முதுகில் கொழுந்துக்கூடை சுமந்த கை. பத்து வருசத்துக்குப் பிறகு தொட்டிக்கு இத்தனை கிட்டத்தில் நின்றாள். பெட்டை ஒரு மூங்கில் துண்டுக்குள் இருந்து மீசையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டியது.

பத்தாம் நாள் கடந்தது. முட்டைகள் பச்சையாகவே இருந்தன. மூன்றாவது வாரம் நிறம் வெளுத்து ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் புள்ளி தெரிந்தது. "கண்ணும்மா அது" என்றாள் சரோஜா. வடிவம்மாள் அன்று வேலைக்குப் போகும்வழியில் காளியம்மாவிடம் சொன்னாள்: "கண்ணு வச்சிருக்கு."

பிள்ளை முந்திக்கொண்டது. சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்பே பக்கத்து டவுனான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை. மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சரோஜா கொதித்து ஆறிய தண்ணீரில் சர்க்கரை கரைத்துச் சின்னக் கிண்ணத்தில் வைத்தாள்.

"வாம்மா."

வடிவம்மாளின் கைகள் முந்தானைக்குள் இருந்தன. "இன்னும் பொரிக்கல."

"அது பொரிக்கிறப்பப் பொரிக்கட்டும். நீ வை."

"பொரிச்சாத்தான்னு நீதானே சொன்னே?"

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா."

"நான் பேச்சுக்குக் கேக்கல" என்றாள் வடிவம்மாள். கொல்லைப் பக்கம் இறங்கிப் போய்விட்டாள்.

காளியம்மாதான் வைத்தாள். வெற்றிலைக் கறை படிந்த விரலைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டுத் தொட்டு வைத்தாள். "எங்க போனா இவ? சொந்தப் பேத்தி..." என்று சுற்றிப் பார்த்தாள். சரோஜா அவளையே பார்த்தாள். காளியம்மாவுக்குத் தான் அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஒன்பதாம் நாள் வடிவம்மாள் வேலைக்குப் போகவில்லை. தொட்டிலுக்கு நாலடி தள்ளிப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் கேட்டாள்.

"பாலு இழுக்குதா?"

"இழுக்குதும்மா."

அன்று ஏழு தடவை கேட்டாள். சாயங்காலம் ஆனது. விளக்கு வைத்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. அதைக் கேட்டபின்தான் எழுந்து உலை வைத்தாள்.

பதினோராம் நாள் மத்தியானம் சரோஜா கண்ணயர்ந்து விழித்தபோது தொட்டில் காலியாக இருந்தது. பதறி எழுந்து முன்கூடத்துக்கு வந்தாள். வடிவம்மாள் தொட்டிக்கு முன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. ஒரு கை பிள்ளையின் தலைக்கடியில். இன்னொரு கையின் விரல் கண்ணாடியின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. பாசிக்குள் அரிசி நொய் அளவில், கண்ணும் கொடுக்கும் மீசையும் முழுசாக, சின்னச் சின்ன இறால்கள்.

"சத்தம் போடாதே. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

இருபத்தாறு என்றாள் முதலில். மறுபடி எண்ணி இருபத்தெட்டு என்றாள். பிள்ளையின் வாயில் சர்க்கரை ஒட்டியிருந்தது. சரோஜா அதைப் பற்றிக் கேட்கவில்லை.

சாம்பசிவம் பேக்டரியிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபோதும் அவள் அங்கேயேதான் இருந்தாள். அவர் குனிந்து தொட்டியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "பத்து வருசம்."

அவர் "ம்" என்றார். பிறகு, "மூங்கில் துண்டு இன்னும் ரெண்டு போடணும், பெருசு குஞ்சத் தின்னுப்புடும்" என்றார். சொன்னபடி போட்டார். மறுநாள் முருகையாவைக் கூப்பிட்டுவந்து காட்டினார். "செம்புதான் மச்சான் காரணம், என் மவ கண்டுபிடிச்சா" என்று லைன் முழுக்கச் சொன்னார். பெருமையாகச் சொன்னார். வடிவம்மாளிடம் எதுவும் சொல்லவில்லை.

அவள் காத்திருந்தாள். கேட்டு வாங்குகிறவள் இல்லை. தொட்டிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினாள். முன்வாசல் வழியாகப் போனாள், வந்தாள். லைனில் பிள்ளைகளை நீட்டினால் வாங்கிக்கொண்டாள். ஆனால் வாங்குமுன் ஒரு கணம் கை நிற்கும். அது கடைசிவரை போகவில்லை. சாம்பசிவம் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து அவர் வாயைப் பார்ப்பாள். அவர் "என்னா?" என்பார். "ஒன்னுமில்ல, சோறு போடவா?" என்பாள்.

1987 நவம்பரில் கொழுந்துச் சரிவில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. இரண்டு நாள் இருந்தாள், பேச்சு வரவில்லை. ஐம்பது வயது.

கருமாதி முடிந்து வந்தவர்கள் போனபிறகு சாம்பசிவம் குழாயடியில் உட்கார்ந்து செம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார். புளிக்கையோடு நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"அவ கையில ஒன்னும் இல்லம்மா."

சரோஜா குழாயடிக்கு வந்து நின்றாள்.

"அவகிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்பப்பா?"

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவர் கையைக் கழுவினார். செம்பை அங்கேயே விட்டுவிட்டு எழுந்துபோய் அடுப்படியில் வாளியைத் தேடினார். இரண்டு வாரமாகத் தொட்டிக்கு யாரும் தண்ணீர் மாற்றவில்லை.